பிடிக்காத அண்ணிக்கு ஒரு சிறுநீரகம்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பெண்கள் பதினோரு வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனால் ஒருத்தி தைத்த சட்டையைத்தான் மற்றவள் அத்தனை வருஷமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இதைச் சொன்னபோது நம்பாதவர்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் ஒரே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நம்பினால்தான் ஓர் உயிர் தங்கும் என்று ஆகிவிட்டது.

முதலில் உறவைச் சொல்லிவிடுகிறேன். உறவு தெரியாமல் கதை கேட்பது முகவரி எழுதாமல் கடிதம் போடுவது மாதிரி. என் மூத்த அண்ணனுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் தையல்காரி. தொழிலுக்கும் வாய்க்கும் சேர்த்து அவளுக்குக் குடும்பத்தில் கத்தரி என்று பேர். அவளைவிட நாலு வயசு மூத்தவன் மகன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவன். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறவள். ஆகையால் டிக்கெட்காரி. கத்தரிக்கு அவள் அண்ணி. பிள்ளைகள் இருவருக்கும் நான் சித்தப்பா. டிக்கெட்காரிக்குச் சின்ன மாமா. அவ்வளவுதான் ஆட்கள்.

கத்தரி பதினாலு வயதில் ஊசி பிடித்தவள். படிக்கட்டுக்குக் கீழே ஒடுங்கிய ஒரு கடை. மூன்று மெஷின், ஒரு ஆவி இஸ்திரிப் பெட்டி, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் உடுப்புகள். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, யூனிஃபார்ம் தைப்பது, இதுதான் வேலை. உடம்பு சொல்வதை ஆள் சொல்வதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள். கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம், "மூணு மாசம் கழிச்சு வாங்க, இப்ப இடுப்பைப் பிடிச்சா திரும்பப் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கே அப்போது தெரியாதாம்.

இவளுக்கு வாய்த்த புருஷன் பெயின்ட் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன். நல்ல பேச்சுக்காரன். பேச்சு மட்டும்தான் நல்லது. ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் போனவன்தான். அவனுக்கு அன்று டிக்கெட் கொடுத்தது யார் என்பது நாலாம் நாள்தான் வெளியே வந்தது. சொந்த அண்ணி. கேட்ட ஊருக்குக் கொடுத்துவிட்டு மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

கத்தரி அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தெரிஞ்ச மூஞ்சி, பெரிய பெட்டி, விடிஞ்சும் விடியாத நேரம். உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா அண்ணி?"

"வரிசையில நாப்பது பேர் நிக்கிறாங்க. ஒவ்வொருத்தர் பெட்டியையும் தூக்கிப் பாத்துட்டா டிக்கெட் குடுக்க முடியும்?"

"சரி, மறுநாள் சொல்லியிருக்கலாமில்ல? அதுக்கு மறுநாள்?"

டிக்கெட்காரி கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கத்தரி திரும்பி வந்துவிட்டாள். அத்தோடு பேச்சு அறுந்தது.

ஆனால் நூல் அறவில்லை. காரணம் டிக்கெட்காரியின் வலது தோள். இடதைவிட அரை அங்குலம் இறக்கம். அவள் தாய்மாமனுக்கும் அப்படித்தான். எந்தப் போட்டோவிலும் மனுஷன் பக்கத்து ஆளை ஒட்டுக்கேட்கிற மாதிரியே நிற்பார். பஸ் கம்பெனி வருஷத்துக்கு ஒரு முறை யூனிஃபார்ம் துணி கொடுக்கும், தைத்துக்கொள்வது அவரவர் பாடு. சண்டை நடந்த மாதம் டிக்கெட்காரி ரோஷத்தில் வேறு கடையில் கொடுத்தாள். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கவுன்ட்டருக்கு வந்த ஒருவர், "என்னம்மா, கழுத்துப் பிடிப்பா?" என்று கேட்டுவிட்டுச் சில்லறையை எடுத்துக்கொண்டு போனாராம்.

மறுவாரம் கத்தரியின் அண்ணன் துணிப்பையோடு தங்கை கடைக்கு வந்தான். பையில் அந்தச் சட்டை. சட்டைப் பையில் ஒரு சீட்டு, ரத்தான டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியது: "காலர் சரியாக வர வேண்டும்."

கத்தரி பிரித்துத் தைத்து, அதே பையில் பதில் வைத்து அனுப்பினாள்: "கழுத்து சரியாக இருந்தால் காலர் சரியாக வரும்."

இப்படித்தான் ஓடியது. "இடுப்பு பிடிக்கிறது. துணி சுருங்கிவிட்டதா?" என்று ஒரு சீட்டு வரும். "துணி சுருங்கவில்லை" என்று ஒரு சீட்டு போகும். "பொத்தான் கவுன்ட்டரில் தெறித்து விழுந்தது" என்று வரும். "கோபத்தைக் குறைக்கவும். இரட்டை நூல் போட்டிருக்கிறேன்" என்று போகும். நடுவில் தபால்காரன் வேலை பார்த்தது அண்ணன். பிரித்துப் படித்துச் சிரித்துக்கொண்டே வருவான், கடைக்குள் நுழையும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

கத்தரியிடம் ஒரு தடித்த அளவு நோட்டு உண்டு. அளவுக்கு வரும் பழைய உடுப்பையும் அண்ணன் டேப் பிடித்து எழுதிவரும் கணக்கையும் வைத்து, அண்ணிக்கு அதில் வருஷத்துக்கு ஒரு பக்கம். அந்தந்த வருஷத்துச் சீட்டை அந்தந்தப் பக்கத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தாள். தான் எழுதிய பதிலையும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். "எதுக்கும்மா இது?" என்று நான் கேட்டதற்கு, "நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சாதிச்சா? ஆதாரம் வேணும் சித்தப்பா" என்றாள்.

எட்டாவது வருஷம் வந்த சீட்டில் இப்படி இருந்தது: "தோள் தொளதொளவென்று இருக்கிறது. பேன்ட் கணுக்காலில் பிடிக்கிறது."

கத்தரி அதை மூன்று முறை படித்தாள். ஆள் பருத்தால் எல்லாம் பருக்கும், இளைத்தால் எல்லாம் இளைக்கும். மேலே இளைத்துக் கீழே வீங்குகிற உடம்பை அவள் அதுவரை டேப்பில் பிடித்ததில்லை. துணியை வெட்டாமலே திருப்பி அனுப்பினாள். "இது துணியின் குற்றம் இல்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தால்தான் தைப்பேன்."

டிக்கெட்காரி பொருமினாள். "தையல்காரிக்கு வைத்தியம் வேற தெரியுமாம்." ஆனால் யூனிஃபார்ம் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதே, போய்க் காட்டினாள். ரத்தத்தைச் சோதித்தார்கள். இரண்டு சிறுநீரகமும் பாதிக்குமேல் கெட்டிருந்தன. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. மருந்தும் பத்தியமுமாக இரண்டு வருஷம் இழுத்தார்கள். பிறகு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், இடது கையில் ஊசி ஏற்றி ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடுவது. மிச்ச நாளில் அவள் வேலைக்குப் போனாள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தலையணை இருந்தது தெரியாது.

பதினோராவது வருஷம் அண்ணன் துணியோடு கடைக்கு வந்து, பையைக் கீழே வைக்காமல் நின்றான்.

"துணி குடுத்துட்டாங்க. தைக்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"ஏன், வேற கடை பாத்தாச்சா?"

"வேலைக்குப் போக முடியாதும்மா இனிமே. டயாலிசிஸ் மெஷினும் அவளுக்கு ஒத்துக்கல. போன வாரம் நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சு. மாத்து சிறுநீரகம் ஒண்ணுதான் வழிங்கறாங்க. எனக்குச் சர்க்கரை, என்னுது வேண்டாமாம். பொண்ணுக்குப் பதினேழுதான் ஆகுது, அவ பேச்சே எடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. அவ கூடப் பிறந்தவங்கன்னு யாரும் இல்லை. இறந்தவங்க சிறுநீரகத்துக்குப் பேர் எழுதி வெச்சா அஞ்சு வருஷம் ஆகுமோ, ஆறோ. அதுவரைக்கும்..."

கத்தரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவங்க ரத்தம் என்ன குரூப்?"

"ஓ பாசிட்டிவ்."

"நானும் அதுதான். பையைக் கீழ வை."

அண்ணனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அழத் தொடங்கினான். "அழறதா இருந்தா வெளிய நின்னு அழு அண்ணே. வெள்ளைத் துணி விரிச்சிருக்கேன்" என்றாள். பிறகு அந்த யூனிஃபார்ம் துணியை எடுத்துப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும். வேலைக்குத் திரும்பறப்ப வெட்டிக்கலாம்."

வீட்டில் போய் அவன் சொன்னதும் டிக்கெட்காரி மடித்து வைத்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாளாம். கடைசியில், "சரி. ஆனா நான் நன்றி கின்றின்னு போய் நிக்க மாட்டேன், சொல்லிடு" என்றாளாம். தபால்காரன் கொண்டுவந்து சேர்த்தான். "யாரு கேட்டா?" என்றாள் கத்தரி.

பரிசோதனை என்றால் ஒன்றிரண்டு இல்லை. ரத்தம் எடுத்தார்கள், இருவர் ரத்தத்தையும் கலந்து பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், நெஞ்சைக் கேட்டார்கள். முதல் நாள் ரத்த அழுத்தம் எகிறி நின்றது. பதிவு மேஜைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறாள், எகிறாமல் என்ன செய்யும்? டாக்டர் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். எடையும் ஐந்து கிலோ அதிகமாம். அந்த ஒரு மாதமும் பஸ் ஏறாமல் கடைக்கு நடந்து போனாள், வந்தாள். உப்பைத் தொடவில்லை. தன் பாவாடை இடுப்பைத் தன் கையாலேயே இரண்டு முறை பிடித்துத் தைத்தாள்.

ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு பெரிய கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். கடைக்கு லீவு போட அவளுக்கு மனசில்லை. கேனைத் துணிப்பையில் போட்டு மெஷினுக்கு அடியில் வைத்தாள். பக்கத்து மெஷின் தையல்காரர் அதை எண்ணெய் என்று நினைத்து மூடியைத் திறக்கப் போனார்.

"மாஸ்டர்! வையுங்க கீழ!"

"மெஷின் கத்துதும்மா, ரெண்டு சொட்டு விடலாம்னுதான்."

"அதை விட்டா மெஷின் நின்னே போயிடும். நாளைக்கு லேப்ல குடுக்கணும் அது!"

மாஸ்டர் அன்று முழுவதும் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

உடம்பு எல்லாம் தேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் வந்தது சோதனை. ஒப்புதல் குழு என்று ஒன்று இருக்கிறது. அம்மா பிள்ளைக்குக் கொடுத்தால் அவர்கள் அதிகம் கேட்பதில்லை. நாத்தனார் அண்ணிக்குக் கொடுக்கிறாள் என்றால், ரத்த உறவு இல்லை; காசுக்குக் கொடுக்கிறாளா, யாராவது மிரட்டுகிறார்களா என்று பார்க்காமல் விடமாட்டார்கள். நியாயம்தான். பல வருஷமாக நெருங்கிப் பழகியதற்கு ஆதாரமாகக் குடும்பப் படங்கள் கொண்டுவரச் சொன்னார்கள்.

வீட்டிலிருந்த படங்களை எல்லாம் கட்டிலில் கொட்டிப் பார்த்தோம். எந்த விசேஷத்துப் படத்திலும் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. ஒன்றில் டிக்கெட்காரி சிரிக்கிறாள், ஓரத்தில் கத்தரியின் முழங்கை மட்டும் தெரிகிறது.

அப்போது ஒரு யோசனை சொன்னேன். அது என் யோசனைதான், வேறு யார் தலையிலும் போடமாட்டேன். ஸ்டுடியோவில் போய் நாலு விதமான உடுப்பில் நாலு படம் எடுத்து, ஒன்று எட்டு வருஷம் முந்தியது, ஒன்று ஐந்து வருஷம் முந்தியது என்று கொடுத்துவிட்டால் என்ன?

"பொய்க்கு நான் தையல் போடறதில்ல சித்தப்பா," என்றாள் கத்தரி.

"உசுரு போற நேரத்துல பொய் என்ன, மெய் என்ன?" என்றேன். அண்ணனும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவள் கையை உதறிக்கொண்டாள். ஆனால் வந்தாள்.

ஸ்டுடியோவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போட்டோக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அக்கா, இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. நடுவுல ஒரு சைக்கிளே போகும் போலிருக்கே." அரை அடி நகர்ந்தார்கள். "சிரிங்க." யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது படத்துக்கு டிக்கெட்காரி மாற்றிக்கொண்டு வந்த சட்டையில் காலர் மடங்கியிருந்தது. கத்தரியின் கை தானாக எழுந்து அதைச் சரிசெய்தது. பதினோரு வருஷத்தில் அவள் அண்ணியைத் தொட்டது அப்போதுதான். இரண்டு பேரும் திடுக்கிட்ட நேரத்தில் போட்டோக்காரர் அமுக்கிவிட்டார்.

குழு கூடிய நாளில் நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா நடுவில் இருந்தார், அவர்தான் தலைவர். பக்கத்தில் ஒரு வக்கீல், இன்னும் இரண்டு பேர். டாக்டரம்மா படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார்.

"இது எட்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்ததுங்களா?"

"ஆமாங்க," என்றான் அண்ணன்.

"டயாலிசிஸ் ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வருஷம் ஆச்சுங்க."

"அப்ப எட்டு வருஷத்துக்கு முன்னாடியே இடது கையில ஊசி குத்தின பிளாஸ்திரி எப்படி வந்துச்சு?"

நாலு படத்திலும் பிளாஸ்திரி இருந்தது. உடுப்பு நாலு மாற்றினோம், கையை மாற்றவில்லை. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. வக்கீல் கோப்பை மூடினார். பொய் ஆதாரம் கொடுத்திருப்பதால் சந்தேகம் கூடிவிட்டது, அடுத்த மாதக் கூட்டத்தில் கடைசி முறையாகப் பார்ப்போம், அன்றும் திருப்தி இல்லையென்றால் மனு தள்ளுபடி என்றார்.

வெளியே வந்ததும் கத்தரி என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. படிக்கட்டு இறங்கும்போது, "இனிமே யாரும் யோசனை சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு மாதத்தில் டிக்கெட்காரி இரண்டு தடவை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தாள். முகம் மஞ்சள் பூத்து, குரல் இறங்கிவிட்டது. அடுத்த மாதம் என்பது கூட்டத்துக்கு இருக்கிறது, இவளுக்கு இருக்குமா என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுகூட்டத்துக்குக் கத்தரி அளவு நோட்டோடு வந்தாள். உறவுக்குச் சாட்சியாக ஒருவர் கூட வரலாம் என்றதால் நான் போனேன். பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு.

"போன தடவை குடுத்த படம் பொய்," என்று உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள். "நாங்க ரெண்டு பேரும் பதினோரு வருஷமா பேசறதில்ல. சேர்ந்து நின்ன படம் கிடையாது. அதான் உண்மை."

வக்கீல் நிமிர்ந்தார். "பேசாதவங்களுக்கா சிறுநீரகம் குடுக்கறீங்க?"

"ஆமாங்க."

"அவங்களை உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பிடிக்காதவங்களுக்கு ஏம்மா குடுக்கணும்?"

"பிடிச்சவங்களுக்குத்தான் குடுக்கணும்னு உங்க சட்டத்துல எழுதியிருக்கா? அவங்க என் அண்ணி. பிடிக்குது, பிடிக்கல, அது எங்களுக்குள்ள."

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"என்னைக் கட்டாயப்படுத்த இன்னும் ஆள் பிறக்கல. கட்டினவனாலயே முடியல, அதான் ஓடிட்டான்."

கோடியில் இருந்தவர் இருமுவது மாதிரி சிரித்தார். கத்தரி நோட்டை மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா முதல் பக்கத்தைத் திறந்து, குண்டூசியில் குத்தியிருந்த சீட்டைப் படித்தார். பக்கத்திலிருந்த பதிலைப் படித்தார். அடுத்த பக்கம். "துணி சுருங்கவில்லை" என்ற இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். நோட்டு வக்கீலிடம் போனது, அவரிடமிருந்து அடுத்தவரிடம். எல்லாச் சீட்டும் பழைய டிக்கெட்டுகளின் முதுகில் எழுதியவை. திருப்பினால் ஒவ்வொன்றிலும் தேதி அச்சாகியிருந்தது. போட்டோவுக்குப் பொய்த் தேதி சொல்லலாம், இதற்குச் சொல்ல முடியாது.

டாக்டரம்மா எட்டாவது வருஷத்தில் நின்றார். தோள், மார்பு, இடுப்பு எல்லா அளவும் இறங்கி, கணுக்கால் மட்டும் ஏறியிருந்தது. சிவப்புப் பென்சிலால் கத்தரி அதைச் சுழித்து வைத்திருந்தாள்.

"இதைக் கண்டுபிடிச்சது நீங்களா?"

"நான் எங்கங்க கண்டுபிடிச்சேன்? டேப்பு சொல்லிச்சு. டாக்டரைப் பாக்காம தைக்க மாட்டேன்னேன், அவ்வளவுதான்."

"ஒரு சிறுநீரகத்தோட வாழறது, பின்னாடி உங்களுக்கு ஏதாவது ஆனா, இதெல்லாம் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேங்க. வருஷா வருஷம் வந்து காட்டணும், அழுத்தம் ஏறாம பாத்துக்கணும், கண்ட வலி மாத்திரையும் முழுங்கக்கூடாது. எல்லாம் எழுதிக் குடுத்தாங்க. எனக்கும் பயம் இருக்கு. பயம் இல்லாதவளா இருந்தா இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டேன். அவங்க உடம்பு எனக்கு அரை அங்குலம் தப்பாம தெரியும். அது குறைஞ்சுக்கிட்டே போறதை எழுதி எழுதி என் கை ஓஞ்சு போச்சு. நிறுத்தணும். வேற காரணம் கேட்டா என்கிட்ட இல்லை."

எங்களை வெளியே அனுப்பினார்கள். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கங்க" என்றார். கையெழுத்து நாலும் விழுந்திருந்தது.

அறுவைக்கு முந்திய நாள் கொடுப்பவர்களுக்கென்றே இருக்கிற ஒரு பெண் டாக்டர் தனியாக வந்து கத்தரியின் கட்டிலில் உட்கார்ந்தாராம். இது கத்தரி பிறகு எனக்குச் சொன்னது.

"இப்பகூட வேண்டாம்னு சொல்லலாம். ஆபரேஷன் தியேட்டர் வாசல்லகூடச் சொல்லலாம். காரணம் யாருக்கும் தெரியாது. உடம்பு ஒத்துவரலைன்னு நாங்களே சொல்லிடுவோம்."

"ஒரு போட்டோவுக்கு உங்க ஆளுங்க அந்தக் கோவம் கோவிச்சாங்க. இப்ப நீங்களே பொய் சொல்றேங்கறீங்க."

"இது உங்க பாதுகாப்புக்கு."

"சந்தோஷம். அப்படியே இன்னொண்ணும் சொல்லுங்க. உள்ள என்ன நூல் போடுவீங்க?"

"தானா கரையற நூல்."

"நூல் கரையும், சரி. தையல் பிரியாதில்ல?"

"பிரியாது."

"அப்பச் சரி."

மறுநாள் காலை முதலில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பக்கத்துத் தியேட்டரில் டிக்கெட்காரி. நானும் அண்ணனும் பிளாஸ்டிக் நாற்காலியில். அவன் பொண்டாட்டி ஒரு கதவுக்குப் பின்னால், தங்கை ஒரு கதவுக்குப் பின்னால். எந்தக் கதவைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையில் பதித்த சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தான். மத்தியானம் ஒரு நர்ஸ் வந்து, "வெச்ச உடனே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. அவங்களும் நல்லா இருக்காங்க" என்றாள். இவன், "வந்துடுச்சு சித்தப்பா, ஒண்ணுக்கு வந்துடுச்சு" என்று வராந்தாவே கேட்கிற மாதிரி கத்தினான். யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த வராந்தாவில் எல்லோரும் அந்தச் செய்திக்குத்தான் காத்திருந்தார்கள்.

கத்தரி இரண்டாம் நாள் எழுந்து நடந்தாள். "வயித்தை ஓட்டை போட்டா தோள்பட்டை வலிக்குது. இது எந்த ஊர் கணக்கு?" என்று நர்ஸைக் கேட்டாள். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய காற்று அப்படித்தான் செய்யும், போய்விடும் என்றார்கள். கட்டு மாற்றும்போது குனிந்து தன் தையலைப் பார்த்தாள். "பிசிறில்லாம தைச்சிருக்காரு. கைப் பழக்கம் இருக்கு" என்று சர்ட்டிபிகேட் கொடுத்தாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு வாரம் கனமாக எதுவும் தூக்கக்கூடாது. மாஸ்டரே துணி மூட்டையை எடுத்து வைத்தார்.

பத்தாம் நாள் தபால்காரன் வந்தான். பழைய டிக்கெட்டின் முதுகில்: "இரவெல்லாம் பாத்ரூமுக்கு ஓட வைக்கிறது. தூங்கவே விடவில்லை."

கத்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வலித்தது, நிறுத்தினாள். பதில் எழுதினாள்: "என்னிடம் இருந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தது."

மூன்று மாதம் கழித்து டிக்கெட்காரியை வேலைக்குப் போகலாம் என்றார்கள். பேன்ட் இடுப்புப் பட்டி மட்டும் புதுச் சிறுநீரகத்தை அழுத்தக்கூடாது. பழைய உடுப்பை அளவுக்கு அனுப்பிப் பிரயோஜனமில்லை, உடம்பே வந்தாக வேண்டும். ஒரு நாள் காலை கடைப் படியில் நிழல் விழுந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து என் கோட்டுப் பொத்தானுக்குக் காத்திருந்தேன். டிக்கெட்காரி உள்ளே வந்து நின்றாள். கன்னத்தில் ரத்தம் ஊறியிருந்தது.

கத்தரி கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள்.

"நேரா நில்லுங்க அண்ணி."

"நேராதான் நிக்கறேன். தோளுதான்..."

"தோளைப் பத்தி எனக்கே பாடமா?"

மார்பு, கை, முதுகு. இடுப்பைச் சுற்றி டேப் வந்து வலது அடிவயிற்றில் கை நின்றது.

"இங்கயா?"

"அங்கதான்."

"என் இடது பக்கத்துல இருந்ததை எடுத்து உங்க வலது பக்கத்துல வெச்சிருக்காங்க. யாரைக் கேட்டு இடம் மாத்தினாங்க?"

டிக்கெட்காரி சிரிக்கவில்லை. சுவரில் தொங்கும் உடுப்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு உன் புருஷன் ரிட்டர்ன் டிக்கெட் வாங்கினான்."

டேப் அப்படியே நின்றது.

"வர்றதுக்கும் சேர்த்து வாங்கினான். அதான் மூணு நாள் நான் வாயைத் திறக்கல. வந்துடுவான், எதுக்கு வீணா உன்னைக் கலைக்கணும்னு இருந்தேன்."

"இதை ஏன் அன்னைக்கு வாசல்ல வெச்சுச் சொல்லல? பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இந்த மெஷின்ல உக்காந்திருக்க மாட்டே. பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்திருப்பே. நான் கவுன்ட்டர்ல இருந்து தினமும் அதைப் பாக்கணும். அதுக்கு நீ என்னைத் திட்டிக்கிட்டே இருன்னு விட்டுட்டேன்."

இஸ்திரிப் பெட்டி ஒரு முறை புஸ்ஸென்று ஆவி விட்டது. மாஸ்டர் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"ரிட்டர்ன் எத்தனை நாள் செல்லும்?" என்றாள் கத்தரி.

"ஏழு நாள்."

கத்தரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். அளவு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். இடுப்பு அளவு. வலது பக்கம் பட்டி இரண்டு அங்குலம் மேலே, உள்ளே எலாஸ்டிக் என்று குறித்திருந்தாள். பிறகு ஸ்டூலிலிருந்து என்னை எழுப்பிவிட்டு, அதில் ஏறி, மேல்தட்டிலிருந்த துணியை எடுத்துத் தூசி தட்டி மேஜையில் விரித்தாள். சாக்பீஸால் கோடு இழுத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

டிக்கெட்காரி போகாமல் வாசலில் நின்றாள்.

"இன்னும் என்ன?"

"காலர் சரியா வரணும்."

"கழுத்து சரியா இருந்தா வரும்," என்று சொல்லிவிட்டு, கத்தரி துணியை வெட்டத் தொடங்கினாள்.